ஒட்டுப் போர்வையும் ஒற்றியூர்க் கரையும்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் காலடிப்பேட்டை என்று ஓரிடம் உண்டு. 2021ஆம் ஆண்டில் அங்கே மெட்ரோ இரயில் நிலையமும் அமைந்துவிட்டது. காலடி என்னும் சொல்லைக் கேட்டதும், ‘ஐயா, இஃது எந்தத் தெய்வத்தின் காலடி? எந்த அடியார் கால் பதித்த மண்?’ என்று மாணவர்கள் என்னைக் கேட்டதுண்டு. நல்ல கேள்விதான். ஒற்றியூர் பாடல் பெற்ற தலமாதலால் அவ்வாறு எண்ணத் தோன்றுவதும் இயல்பே. ஆனால், அந்தப் பெயருக்குள் மறைந்து நிற்பவர் தெய்வமும் அல்லர், அடியாரும் அல்லர். 1717 முதல் 1720 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஆளுநராக இருந்த ஜோசப் காலட் என்னும் ஆங்கிலேயர். கிழக்கிந்தியக் கும்பினியின் ஏற்றுமதிக்கு வேண்டிய துணியைச் செய்து தருவதற்காக நெசவாளர்களை அவர் அங்கே குடியேற்றினார். காலட் பேட்டை என்பது மக்கள் நாவில் உருண்டு உருண்டு காலடிப்பேட்டை ஆயிற்று. கல்யாண வரதராசப் பெருமாள் கோயில் ஒன்றும் இன்றுவரை அங்கே விளங்குகின்றது.

ஆளுநரை இவ்வளவில் விட்டுவிடுவோம். நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் அந்தத் துணி. துணி என்றுகூடச் சொல்லலாகாது. துணியை வெட்டித் தைத்த பின் எஞ்சிக் கிடக்கின்றதே துண்டு, அதுதான் என் பொருள். அத்துண்டுகளைச் சதுரமாகவும் பட்டையாகவும் கத்தரித்து, ஒன்றோடொன்று இணைத்துத் தைத்த போர்வையை எங்கள் வீட்டில் ஒட்டுப் போர்வை என்போம். தெலுங்கு பேசும் அண்டை வீட்டார் பொந்த என்பார்கள். இதற்கு ஒரு வரலாறா என்று சிலர் நகைக்கலாம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறு நகைத்தவனே. அதனால்தான் இதனைச் சொல்லும் கடமை எனக்கு மற்றவர்களைவிடச் சற்று மிகுதியாக உண்டு என்று கருதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது இராயபுரம். 1856ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதல் இரயில் வண்டி வாலாஜா நோக்கிப் புறப்பட்ட அந்தப் பழைய நிலையத்திற்கு நடந்து செல்லும் தொலைவில் எங்கள் வீடு. தந்தையார் துறைமுகத்தில் சரக்குக் கொட்டடியில் வேலை பார்த்தார். 1966ஆம் ஆண்டு, எனக்கு வயது ஒன்பது. எங்கள் தெருமுனையில் ஒரு தையற்கடை இருந்தது. கடைக்காரரை நாங்கள் பாய் என்று அழைப்போம். இரயில்வேத் தொழிலாளர்க்கும் துறைமுகத் தொழிலாளர்க்கும் காக்கி உடுப்புத் தைப்பது அவருடைய முதன்மையான தொழில். பள்ளிப் பிள்ளைகளின் சீருடை அதற்கு அடுத்தது. மாலையில் கடை கூட்டும்பொழுது மேசையின் அடியில் குவிந்து கிடக்கும் வெட்டுத் துண்டுகளை அவர் கோணிப்பையில் போட்டு வைப்பார். வாரம் ஒரு முறை என் தாயார் அதனை வாங்கி வருவார். விலை கிடையாது. தீபாவளிக்கு முன் பித்தான் தைத்துக் கொடுப்பதும் காசா எடுப்பதும் அதற்கு ஈடு.

அப்பையைக் கவிழ்த்துப் பிரிக்கும் காட்சி இன்றும் என் கண்முன் நிற்கின்றது. தாயார் முதலில் ஒவ்வொரு துண்டையும் இரு கைகளாலும் பிடித்து இழுத்துப் பார்ப்பார். பாவு நூல் வாக்கில் இழுத்தால் துணி நீளாது. ஊடை வாக்கில் மிகச் சிறிதே நீளும். குறுக்கு வாக்கில் இழுத்தால் இரப்பர்போல் நீண்டு கோணிக்கொள்ளும். ஆகவே நூல் வாக்கைக் கண்டறிந்து, அதன்மேல் ஓர் அட்டையை வைத்து, பென்சிலால் கோடு கிழித்து, பிறகே கத்தரிப்பார். அந்த அட்டை ஐந்து அங்குலச் சதுரம். சதுரங்களை முதலில் ஒரு வரிசையாகத் தைத்துப் பட்டையாக்குவார். பிறகு பட்டையைப் பட்டையோடு சேர்ப்பார். ஓரத்தில் விடும் தையற்பிடிப்பு எல்லாத் துண்டிலும் ஒரே அளவாக இருத்தல் வேண்டும். ஒரு சதுரத்தில் நூலளவு பிழை நேர்ந்தால் பத்தாம் சதுரத்தில் அது விரலளவாக வளர்ந்து, வரிசை முழுவதும் மூலை பொருந்தாமற் போகும். மேல்முகம் முடிந்தபின் அதன் கீழே நைந்த பருத்திப் புடைவை இரண்டு மடிப்பு. அதற்கும் கீழே ஒரு பழைய வேட்டி. மூன்றையும் இழையோட்டம் போட்டு நிறுத்தி, நெருக்கமாக ஓட்டுத் தையல் இடுவார். தையல் இயந்திரம் எங்கள் வீட்டில் இல்லை, அத்தனையும் கைத்தையல். துணியின் நூல் வாக்கைப் பற்றி அவர் எந்தக் கல்லூரியிலும் படித்ததில்லை. நான் பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கைத்தொழிற் கல்வி என்னும் தலைப்பில் பல பக்கங்கள் படித்தேன். ஆனால் ஒரு பித்தான்கூட ஒழுங்காகத் தைக்க வராது.

அந்த ஆண்டுப் போர்வையில் ஒரு புதுமை இருந்தது. பாயின் உறவினர் ஒருவர் ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் கூடம் ஒன்றில் வேலை பார்த்தார். அங்கிருந்து வந்த கட்டம் போட்ட கைத்தறித் துண்டுகள் சில பையில் கலந்திருந்தன. சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக அவை அவ்வளவு அழகு! தாயார் அவற்றை வேட்டி வெள்ளையோடு மாற்றி மாற்றி வைத்துத் தைத்தார். ஒரு மாத உழைப்பு. மார்கழிப் பனிக்கு முன் ஒரு முறை அலசிப் போடலாமென்று நனைத்தார். நனைத்த வாளித் தண்ணீர் குங்குமக் கரைசல் ஆயிற்று. வெள்ளைச் சதுரமெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்துவிட்டது. ‘சாயம் நிற்காத துணியைக் கப்பலேற்றி அனுப்புகிறார்களே, வாங்குகிறவன் சும்மா விடுவானா?’ என்று அவர் சொன்னதும், அன்றிரவு சரியாக உண்ணாததும் நினைவிருக்கின்றது. அந்தக் கேள்விக்கு விடை எனக்கு நாற்பது ஆண்டுகள் கழித்துத்தான் கிடைத்தது. அதனைப் பின்னர்ச் சொல்வேன். அதற்குமுன் நாம் முந்நூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

சென்னை நகரம் துணியாற் பிறந்த நகரம். 1639ஆம் ஆண்டில் பிரான்சிஸ் டே என்பவர் இந்த மணற்கரையைத் தேர்ந்தெடுத்தபொழுது சொன்ன காரணங்களுள் முதன்மையானது, நல்ல நீளத்துணி மற்ற இடங்களைவிட இங்கே 20 விழுக்காடு மலிவு என்பதே. துறைமுகம் என்று சொல்ல இங்கே இயற்கையான ஒதுங்கிடம் ஒன்றும் கிடையாது. கொந்தளிக்கும் அலைதான் உண்டு. அப்படியிருந்தும் ஆங்கிலேயர் இங்கே கோட்டை கட்டினர். குடியேற வரும் கைவினைஞர்க்கு 30 ஆண்டுகள் வரியில்லை என்று அறிவித்தனர். நெசவாளர் வந்தனர், சாயமிடுவோர் வந்தனர், துணியில் தூரிகையால் எழுதுவோர் வந்தனர். நெய்த துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் வாழ்ந்த இடமே வண்ணாரப்பேட்டை. பொதி கட்டிய துணியைக் கரையிலிருந்து கப்பலுக்குக் கொண்டு சென்றவை மசூலாப் படகுகள். அப்படகில் ஆணி கிடையாது. பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றாலே தைத்திருப்பார்கள். அலை மோதும்பொழுது தையல் நெகிழ்ந்து கொடுக்கும். ஆணி அடித்த படகோ பிளந்துவிடும். துணியை ஏற்றிச் சென்ற படகும் தைத்த படகுதான் என்பது நினைத்துப் பார்க்க இனிமையாக இருக்கின்றது.

அத்துணிகளுள் மேனாட்டார் பித்துக் கொண்டது சீட்டித் துணியின்மேல். சின்ட்ஸ் என்று அவர்கள் சொல்வது அதையே. துணியை எருமைப் பாலும் கடுக்காயும் கலந்த நீரில் ஊற வைப்பர். இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் புளிக்க வைத்த கரைசலால் கரிய கோடுகளை எழுதுவர். சிவப்பு வேண்டிய இடங்களில் படிகாரக் கரைசலைத் தீட்டுவர். பிறகு சாயவேர் இட்ட கொப்பரையில் துணி முழுவதையும் கொதிக்க வைப்பர். படிகாரம் பட்ட இடம் மட்டும் சாயத்தைக் கவ்விக்கொள்ளும். மற்ற இடங்களில் ஏறிய நிறம் வெயிலில் வெளுக்க வெளுக்கப் போய்விடும். நீலத்திற்கு அவுரி. சாயவேர்ச் செடி இந்தக் கடற்கரை மணலில் தானே வளர்வது. இவ்வாறு எழுதிய துணியின் நிறம் துவைக்கத் துவைக்கப் பொலியும். கழுவினால் நிறம் போகாத பூந்துணியை ஐரோப்பியர் அதுவரை கண்டதில்லை.

விளைவு என்ன? அங்கே உள்ள கம்பளி, பட்டு நெசவாளர்களுக்கு வேலை போயிற்று. பிரான்சு 1686ஆம் ஆண்டில் சீட்டித் துணியைத் தடை செய்தது. அத்தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்தில் 1701 முதல் வண்ணச் சீட்டியை உள்நாட்டுப் பயன்பாட்டிற்காக இறக்குமதி செய்யலாகாது என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதுவும் போதவில்லை. 1719இல் இலண்டன் நெசவாளர்கள் தெருவில் திரண்டு, சீட்டி உடுத்திச் சென்ற பெண்களின் ஆடையைக் கிழித்தெறிந்தனர். 1721ஆம் ஆண்டுச் சட்டமோ உடுத்துவதையே குற்றமாக்கிற்று. உடுத்தியவர்க்கு 5 பவுன் தண்டம். 1774 வரை அந்தச் சட்டம் நின்றது. காலடிப்பேட்டை எழுந்ததும் இலண்டன் தெருவில் ஆடை கிழிந்ததும் ஏறத்தாழ ஒரே காலம் என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். ஒரு கூட்டத்து நெசவாளரின் வாழ்வு மற்றொரு கூட்டத்து நெசவாளரின் வயிற்றில் அடித்தது. நூறு ஆண்டுகளுக்குப் பின் இலங்காசயர் ஆலைத்துணி வந்து நம்மவர் தறிகளைக் கவிழ்த்தபொழுது அந்தக் கணக்கு வட்டியோடு தீர்க்கப்பட்டது.

இங்கேதான் துண்டுத் துணி மேடைக்கு வருகின்றது. தடையுள்ள பொருளுக்கு மதிப்பு மிகுதி அல்லவா? நைந்துபோன ஆடையில் நல்ல பகுதி உள்ளங்கையளவு இருந்தாலும் அதனை எறிய மனம் வராது. அந்நாட்டு மகளிர் அத்துண்டுகளை வடிவம் வடிவமாகக் கத்தரித்து இணைத்தனர். இங்கிலாந்தின் வடபகுதியில் லெவன்ஸ் ஹால் என்றொரு மாளிகை உண்டு. அங்கே உள்ள ஒட்டுப் போர்வை 1708ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று வழிவழியாகக் கருதப்படுகின்றது. அந்நாட்டில் எஞ்சியுள்ள ஒட்டுப் போர்வைகளுள் மிகப் பழையதாக அதனைச் சொல்வர். எண்கோணத் துண்டுகளும் சிலுவை வடிவத் துண்டுகளும் கோத்தது. அதன் துணி இந்தியச் சீட்டி. அக்காலத்தில் ஐரோப்பா சென்ற சீட்டிகளுள் மிகச் சிறந்தது நம் சோழமண்டலக் கரையின் கைவேலை. பின்னர், சீட்டியில் உள்ள பூவையும் பறவையையும் தனித்தனியே கத்தரித்து வெள்ளைத் துணியின்மேல் ஒட்டித் தைக்கும் முறையும் அங்கே பரவிற்று. முழுத் துணி வாங்க இயலாதவர்கள் ஒரே ஒரு பூவை வைத்துக்கொண்டு ஒரு தோட்டத்தை உண்டாக்கிய கதை அது.

மற்றொரு செய்தி ஆசிரியனாகிய எனக்கு மிகவும் பிடித்தது. அந்நாட்டார் துண்டின் வடிவம் கெடாதிருக்க, காகிதத்தை அந்த வடிவில் வெட்டி, அதன்மேல் துணியை மடித்துத் தைப்பர். பழைய கடிதம், கணக்கேடு, பிள்ளைகளின் எழுத்துப் பயிற்சித் தாள் எதுவாயினும் சரி. தையல் முடிந்தபின் காகிதத்தை எடுத்துவிட வேண்டும். சிலர் எடுப்பதில்லை. அவ்வாறு தங்கிவிட்ட தாள்களில் உள்ள எழுத்தைக்கொண்டு போர்வையின் காலத்தை இன்று அறிஞர்கள் கணிக்கின்றனர். ஏதோ ஒரு சிறுவன் பிழையாக எழுதி ஆசிரியரிடம் அடி வாங்கிய பக்கம் இருநூறு ஆண்டுக்குப் பின் வரலாற்றுச் சான்றாகின்றது!

துண்டு ஒட்டுதல் வெள்ளையர் கண்ட கலை என்று இதனால் யாரும் எண்ணிவிடலாகாது. புத்தர் பெருமானின் சங்கத்தார் உடுத்திய சீவரமே துண்டுகளால் ஆனது. மகத நாட்டு வயல்களும் வரப்புகளும் தோன்றும் வண்ணம் துணியை வெட்டி இணைக்குமாறு புத்தர் கூற, ஆனந்தர் அவ்வாறே வகுத்தார் என்று விநய நூல் சொல்கின்றது. வெட்டிய துணிக்கு விலை குன்றும். கள்வன் அதனை விரும்பான். துறவிக்கும் பற்று வளராது. வெட்டியதனால் அங்கே மதிப்புக் குறைந்தது. அதுவே நன்மை எனக் கொண்டனர். இங்கிலாந்திலோ வெட்டிய துண்டுக்கும் மதிப்பு ஏறிற்று. நம் ஊரில் மாசித் திருவிழாவில் தியாகராசர் தேர் நான்கு மாட வீதியில் அசைந்து வரும்பொழுது தேர்ச்சீலையையும் தொம்பையையும் உற்றுப் பாருங்கள். தாமரையும் யாளியும் வண்ணத் துணியில் வெட்டி ஒட்டித் தைத்தவையே தேர்ச்சீலையின் அழகு. ஆண்டவன் தேரில் அதைக் கண்டால் கைகூப்புகிறோம். அண்டை வீட்டுத் திண்ணையில் கண்டால் ஏழ்மை என்கிறோம்.

இனி எண்ணூருக்கு அப்பால், வடக்கே பழவேற்காட்டிற்குச் செல்வோம். டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பிய இடம் அது. அவ்வூரின் பெயரால் புலிகாட் என்றே உலகச் சந்தையில் வழங்கிய ஒரு துணி உண்டு. கட்டம் போட்ட கைக்குட்டைத் துணி. பின்னாளில் ஸ்காட்லாந்து நெசவாளர்கள் அதனைப் பார்த்துச் செய்து, அதே பெயரிட்டு விற்றனர் என்றால் அதன் புகழை என்னென்பது! இதன் உடன்பிறப்பே ‘மதராஸ் கைக்குட்டை’. கைக்குட்டை என்றதும் சட்டைப் பையில் வைப்பதை நினைக்க வேண்டா. ஒரு கெஜ நீளமும் ஒரு கெஜ அகலமும் உள்ள சதுரம். அச்சதுரங்கள் ஒரே நெடுந்துணியில் அடுத்தடுத்து வருமாறு நெய்வர், வாங்கியவர் வெட்டிக்கொள்வர். தறியிலேயே சதுரம் வகுத்த துணி என்று இதனைச் சொல்லலாம்.

இந்தச் சதுரங்கள் சென்ற வழி இனிமையான வழி அன்று. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஐரோப்பிய வணிகர்கள் மனிதர்களை விலைக்கு வாங்கியபொழுது விலையாகக் கொடுத்த பொருள்களுள் இந்தியத் துணியும் ஒன்று. நம்மவர் நெய்த துணி, நெய்தவர்க்குத் தெரியாமலே, அடிமை வாணிகத்தின் நாணயமாயிற்று. இந்த உண்மையை வகுப்பறையில் சொல்லும்பொழுதெல்லாம் ஒரு கணம் நா தயங்கும். ஆயினும் சொல்லாமல் விட்டதில்லை. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1786ஆம் ஆண்டு ஓர் ஆளுநர், கறுப்பினப் பெண்களும் கலப்பினப் பெண்களும் தலையைத் துணியால் மறைத்துக் கட்ட வேண்டும் என்று ஆணையிட்டார். அவர்கள் வெள்ளையர்க்கு நிகராக ஒப்பனை செய்து திரிகின்றனராம். அப்பெண்கள் என் செய்தனர்? மிகப் பளிச்சென்ற மதராஸ் கட்டத்துணியை எடுத்து, மகுடம்போல் உயர்த்திக் கட்டினர். இழிவுக்காக இட்ட ஆணை எழிலுக்கு வழியாயிற்று. மேற்கிந்தியத் தீவுகளாகிய செயின்ட் லூசியா, டொமினிக்கா ஆகிய நாடுகளில் இன்றும் தேசிய உடை மதராஸ் கட்டத்துணியே.

நைசீரிய நாட்டில் நைசர் ஆற்றின் கழிமுகத்தில் கலபாரி என்னும் மக்கள் வாழ்கின்றனர். நம் கைக்குட்டைத் துணியை அவர்கள் இஞ்சிரி என்பார்கள். குழந்தைப் பிறப்பு முதல் இறுதிச் சடங்குவரை அது வேண்டும். கலபாரிப் பெண்கள் அத்துணியில் சில நூல்களைச் சிறு கத்தியால் அறுத்து, அறுத்ததை இழுத்து நீக்கி, நெசவாளன் நினையாத ஒரு புதுக் கோலத்தை அதனுள்ளேயே உண்டாக்குவர். ஒட்டுப் போடுவதற்கு நேர் எதிரான கலை. ஆப்பிரிக்காவிலிருந்து நம் நாட்டிற்கு வந்து கருநாடகத்தில் வாழும் சித்தி இனப் பெண்களோ பழந்துணிகளை ஒட்டிக் கவண்டி என்னும் போர்வை தைக்கின்றனர். நான்கு மூலைகளிலும் துணியைச் சிறிதாக மடித்து வைத்து, அதனைப் பூ என்று அழைக்கின்றனர். பூ இல்லாத போர்வை முற்றுப்பெறாத போர்வையாம்.

இப்பொழுது என் தாயாரின் கேள்விக்கு வருகிறேன். சாயம் நிற்காத துணியை வாங்கியவன் சும்மா விட்டானா? விடவில்லைதான். 1958ஆம் ஆண்டில் வில்லியம் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க இறக்குமதியாளர் சென்னைக் கட்டத்துணியைக் காப்டன் கிருஷ்ணன் நாயரிடம் வாங்கிச் சென்றார். அதனைக் குளிர்ந்த நீரில் மெல்ல அலச வேண்டும் என்ற எச்சரிக்கை வாடிக்கையாளர்களைச் சென்று சேரவில்லை. அவர்கள் சலவை இயந்திரத்தில் போட, சாயம் ஓடிற்று. வழக்குத் தொடுப்போம் என்ற பேச்சும் எழுந்தது. பிறகு விளம்பர வல்லுநர்கள் கூடி ஒரு வழி கண்டனர்: இந்தத் துணி சாயம் விடும், விடும் என்று உறுதி கூறுகிறோம், ஒவ்வொரு சலவைக்கும் ஒரு புதுத்துணி! கிருஷ்ணன் நாயர் பிற்காலத்தில் தாமே மகிழ்ந்து சொல்லிவந்த கதை இது. குற்றம் குணமாயிற்று. கல்லூரி மாணவர்கள் அதனை விரும்பி வாங்கினர். ‘இரத்தம் கசியும் மதராஸ்’ என்று பொருள்படும் பெயரே அதற்கு நிலைத்தது. அதோடும் நிற்கவில்லை. பல வகைக் கட்டத்துணிகளைப் பட்டையாகவும் சதுரமாகவும் வெட்டி, மீண்டும் இணைத்துத் தைத்து, அந்த ஒட்டுத் துணியில் கோட்டும் காற்சட்டையும் தைத்து விலைக்கு விற்றனர். ‘பேட்ச் மதராஸ்’ என்பது அதன் பெயர். என் தாயார் இராயபுரத்துத் திண்ணையில் செய்ததும் அதுவே; ஓடிய சாயமும் அதே சாயம்தான். அங்கே அது நாகரிகம். இங்கே எங்கள் வீட்டில் ஒரு மாத உழைப்பு வீண்.

உண்மையில் வீணும் அன்று. அந்தத் திட்டு விழுந்த போர்வையில்தான் நான் பதினான்கு ஆண்டுகள் உறங்கினேன். அதன் சதுரங்களைப் பார்த்தே எங்கள் பகுதியின் கதையைச் சொல்லலாம். காக்கிச் சதுரங்கள் பெரம்பூர் ஆலையின் துணி என்று பாய் சொல்வார். 1876இல் எழுந்த பக்கிங்காம் ஆலையும் 1881இல் எழுந்த கர்நாடிக் ஆலையும் ஒன்றாகி, காக்கித் துணிக்கு நாடெங்கும் பெயர் பெற்றன. அங்கே உழைத்தவர்களே 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் அடித்தளமானார்கள். 1996இல் ஆலை மூடப்பட்டது. நீலம், பெண்கள் பள்ளிப் பாவாடை. ஒரே ஒரு பச்சைச் சதுரம் உண்டு. அது பக்கத்து வீட்டு அக்காளின் திருமண இரவிக்கையில் வெட்டியது.

1980ஆம் ஆண்டு நான் பயிற்சிக் கல்லூரி விடுதிக்குப் புறப்பட்டபொழுது தாயார் அந்தப் போர்வையை மடித்துப் பெட்டியில் வைத்தார். நான் வெளியே எடுத்து வைத்துவிட்டேன். மற்ற மாணவர்கள் ஆலைப் போர்வை கொண்டு வருவார்கள், இது நமக்குத் தலைக்குனிவு என்று எண்ணினேன். வாயைத் திறந்தும் சொன்னேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. போர்வையை மட்டும் எடுத்துச் சென்றார். அடுத்த விடுமுறைக்கு வந்தபொழுது அது இல்லை. துறைமுகத்தை அடுத்த இயந்திரப் பட்டறைகளில் எண்ணெய் துடைக்கப் பழந்துணி எடை போட்டு வாங்குவார்கள், அங்கே போயிற்று. பல ஆண்டுகள் கழித்துத் தலைமையாசிரியராக இருந்தபொழுது, நூலகத்திற்கு வந்த ஒரு படப் புத்தகத்தில் லெவன்ஸ் ஹால் போர்வையைக் கண்டேன். அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பேழைக்குள் நம் கரையின் துணி முந்நூறு ஆண்டுகளாகக் காக்கப்படுவதையும் படித்தேன். இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் சோழமண்டலச் சீட்டிகள் ஏராளம். நெய்தவர் வீட்டில் ஒரு முழத் துணியும் மிஞ்சவில்லை. உடுத்தி, ஒட்டி, துடைத்து, எரித்து முடித்துவிட்டோம். அன்று பணிமுடிந்து வீட்டிற்குச் சென்றதும் தாயாரிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். ‘மூலையெல்லாம் பொருந்தியிருக்கிறதே, கெட்டிக்காரிதான்’ என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இன்று மேனாட்டுக் கடைகளில் ஐந்து அங்குலச் சதுரங்களும் இரண்டரை அங்குலப் பட்டைகளும் இயந்திரத்தால் அளந்து வெட்டப்பட்டு, வண்ணம் வாரியாக அடுக்கி, பட்டைகளைப் பாய்போல் சுருட்டி விற்கப்படுகின்றன. துண்டு எஞ்சியதால் போர்வை பிறந்த காலம் போய், போர்வைக்கென்றே முழுத்துணியைத் துண்டாக்கும் காலம் வந்திருக்கின்றது. இளைஞர்கள் இதனை விரும்பிக் கற்பதில் எனக்கு மகிழ்ச்சியே. மூலை பொருந்தும்படி தைப்பது எந்தத் துணியிலும் கடினம்தான்.

தாயார் மறைந்தபின் அவருடைய பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்த்தேன். ஊசி, நூற்கண்டு, துருவேறிய கத்தரிக்கோல், உடைந்த பித்தான்கள். அடியில் அந்த அட்டை. பழைய நாட்காட்டியின் பின்னட்டையை வெட்டிச் செய்தது. ஒரு பக்கத்தில் 1966 என்ற எண்ணும் ஒரு கடவுள் படத்தின் பாதி மாலையும் தெரிகின்றன. அளந்து பார்த்தேன். ஐந்து அங்குலம் இல்லை; நான்கு பக்கமும் கத்தரிக்கோல் பட்டுப் பட்டு நூலளவு குறைந்திருந்தது.